திருநம்பிகளுக்குத் தாடி மீசை: முதல் ஊசியிலிருந்து மதுரை சலூன் நாற்காலி வரை

அரும்பு மீசை வரும் வயதில் பையன்களுக்கு அண்ணனோ சித்தப்பாவோ ரேசரைக் கையில் கொடுத்து, இப்படி இழு, அப்படி இழுக்காதே என்று சொல்லிவிடுவார்கள். திருநம்பிக்கு, அதாவது பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவருக்கு, அந்த வயது இருபத்தைந்திலும் வரலாம், நாற்பதிலும் வரலாம். அப்போது பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. வீடியோக்களில் கிடைப்பதெல்லாம் வேறு ஊர்த் தண்ணீருக்கும் வேறு ஊர் வெயிலுக்கும் சொன்னவை. கேட்டும் பார்த்தும் தடுமாறியும் சேர்த்ததை இங்கே வரிசையாகத் தருகிறோம். ஹார்மோன் சிகிச்சை தொடங்கியவர்களும் தொடங்கப் போகிறவர்களும், முகத்தையும் காசையும் கெடுத்துக்கொள்ளாமல் இந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டும்.

1. முதலில் காலக்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தொடங்கி 6 முதல் 12 மாதத்துக்குள் முகத்தில் முடி தடிக்கத் தொடங்கும். முழு வளர்ச்சிக்கு 4, 5 வருடம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆறாம் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து மனம் உடைவது வீண்.

பெரும்பாலும் முடி வரும் வரிசை இது. முதலில் மேலுதட்டின் இரண்டு ஓரங்கள். அடுத்து மோவாயின் அடிப்பக்கமும் தாடைக்குக் கீழே கழுத்தும். பிறகு கிருதா கீழே இறங்கும். கன்னம் கடைசி. மீசையையும் தாடியையும் இணைக்கும் வாயோரத் துண்டும் மூக்குக்கு நேர் கீழேயுள்ள குழியும் பலருக்கு வருடக்கணக்கில் காலியாகவே கிடக்கும். சிலருக்கு அங்கே கடைசி வரை முடி வராது. மீசைக்காரர்கள் நிறைந்த ஊரில் இது உறுத்தத்தான் செய்யும். ஆனால் பிறவியிலேயே ஆணாக வளர்ந்தவர்களில் எத்தனையோ பேருக்கும் அந்த இடைவெளி உண்டு.

எவ்வளவு வரும் என்பது பரம்பரையைப் பொறுத்தது. அண்ணன் தம்பி, அப்பா, தாய்மாமன், சித்தப்பா முகங்களைப் பாருங்கள். அவர்களுக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் கன்னம் நிறைந்தது என்றால் உங்களுக்கும் தாமதமாகும்.

முன்பு திரெட்டிங், வேக்ஸிங் செய்ததாலோ மஞ்சள் பூசிக் குளித்ததாலோ வேர் செத்திருக்கும் என்று பயப்பட வேண்டாம். லேசரும் மின்சாரத்தால் வேரைப் பொசுக்கும் முறையும் வேறு. அவை செய்த இடத்தில் முடி குறைவாக வரலாம் அல்லது வராமலே போகலாம். செய்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2. தாடிக்காக டோஸைக் கூட்டாதீர்கள்

அதிகமானவர்கள் விழும் பள்ளம் இதுதான். ஊசியைக் கூட்டினால் தாடி சீக்கிரம் வரும் என்று ஜிம் பக்கம் யாராவது சொல்வார்கள். அது நடக்காது. முகத்து மயிர்க்காலில் டெஸ்டோஸ்டிரோன், டிஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனாக மாறித்தான் வேலை செய்கிறது. மயிர்க்கால் அதற்கு எவ்வளவு இணங்கும் என்பது பிறவியிலேயே அமைந்தது. தேவைக்கு மேல் ஏற்றினால் மிச்சத்தில் ஒரு பங்கு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாகத் திரும்பும். ரத்தம் தடித்து, உறையும் ஆபத்தும் வரும்.

ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வழக்கமாகக் குறிவைக்கும் அளவு, ஒரு டெசிலிட்டருக்கு 300 முதல் 1000 நானோகிராம் வரை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறவர்கள் இரண்டு ஊசிக்கும் நடு நாளில் ரத்தம் கொடுக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாள் கொடுத்தால் அளவு ஏறித் தெரியும். அடுத்த ஊசிக்கு முந்தின நாள் கொடுத்தால் இறங்கித் தெரியும். 1000 மில்லிகிராம் நீண்டகால ஊசிக்கு அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால் பார்ப்பார்கள். முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை சோதனை. அதில் ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற வரியை நீங்களே பாருங்கள். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்காமல் அடுத்த ஊசி வேண்டாம்.

டெஸ்டோஸ்டிரோன் மருத்துவர் சீட்டோடு விற்க வேண்டிய மருந்து. மனநல மருத்துவர் கடிதம், ஹார்மோன் மருத்துவர் எழுதிய சீட்டு, கடைசி ரத்தச் சோதனை ஆகியவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள். படமெடுத்து ஃபோனிலும் வையுங்கள். மருந்துக்கடையில் வழக்கமான பிராண்டு இல்லை என்று வேறு ஊசியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஈனாந்தேட், கலவை எஸ்டர், அன்டெகனோவேட் என்ற மூன்று வகை டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கும் இடைவெளி வேறு வேறு. 250 மில்லிகிராம் ஊசி சில நூறு ரூபாய். 1000 மில்லிகிராம் ஊசி சில ஆயிரம் ரூபாய். ஆனால் சுமார் 12 வாரத்துக்கு ஒன்று போதும்.

ஜெல் பூசுகிறவர்களுக்கு ஒன்று: தாடி வர வேண்டும் என்று அதை முகத்தில் பூசாதீர்கள். தோள், மேல்கை, வயிறு என்று மருத்துவர் சொன்ன இடத்தில் மட்டும் பூசிக் காயவிட்டுச் சட்டை போடுங்கள். ஜெல் ஒட்டிய தோலோடு குழந்தைகளைத் தூக்கினால் அது அவர்கள் உடம்பிலும் ஏறும்.

3. முதல் வருடம் வளர்க்காதீர்கள், மழியுங்கள்

வந்த நாலு முடியைத் தொடவே மனம் வராது. எத்தனை வருட ஏக்கம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் பூனைமுடியும் கருமுடியும் கலந்து திட்டுத்திட்டாக நிற்கும் முகம் பதினைந்து வயதுப் பையன் முகம்போலத் தெரியும். அதையே மழித்துவிட்டால் தோலுக்கடியில் பச்சை நிழல் படியும். முகம் வயதுக்கு ஏற்றதாகத் தெரியும். பேருந்திலும் வேலை செய்யும் இடத்திலும் எதிரில் இருப்பவர் தயங்காமல் “அண்ணே” என்று கூப்பிடுவதற்கு, அரைகுறைத் தாடியைவிட மழித்த முகமே அதிகம் உதவும்.

மழித்தால் முடி அடர்த்தியாக வரும் என்பது உண்மையல்ல. வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் கையில் சொரசொரக்கும், அவ்வளவுதான். மழித்தால் குறையும் என்பதும் பொய். ஆகவே பயமில்லாமல் 2, 3 நாளுக்கு ஒருமுறை மழியுங்கள். தினமும் வேண்டாம், ஊசி தொடங்கிய காலத்தில் தோல் எண்ணெய் வழிந்து பருவோடு இருக்கும், தினச் சவரத்தைத் தாங்காது.

வீட்டில் இன்னும் சொல்லாதவர்களுக்கும் இதுவே வழி. இரவு குளிக்கும்போது மழித்துவிட்டால் காலையில் முகம் வெறுமையாக இருக்கும். பிளேடைக் குளியலறைக் குப்பையில் போடாமல் காகிதத்தில் மடித்து வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். ஆனால் குரல் உடைவதை ரேசர் மறைக்காது. வீட்டில் எப்போது சொல்வது என்பதைத் தாடி வரும்வரை தள்ளிப்போட முடியாது. குரல் பெரும்பாலும் தாடிக்கு முன்பே மாறிவிடும்.

4. வாங்க வேண்டியவை

ஒற்றை பிளேடு உள்ள மலிவான ரேசர் போதும்: ஜில்லெட் கார்டு போன்றது. நாலு, ஐந்து பிளேடு அடுக்கிய ரேசர் முடியைத் தோலுக்குக் கீழே இழுத்து வெட்டும்; சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்த முடி உள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளம் கட்டும். டியூப் ஷேவிங் கிரீம், ஒரு பிரஷ், ஒரு படிகாரக் கல், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். எல்லாம் சேர்ந்து 300 முதல் 500 ரூபாய்க்குள் முடியும். டிரிம்மர் பிறகு வாங்கலாம். 1000 ரூபாய்ப் பக்கம் நல்லது கிடைக்கும்.

ஆஃப்டர்ஷேவ் லோஷன் வேண்டாம். அதிலுள்ள ஆல்கஹால் பருவுள்ள தோலை எரித்துக் காயவைக்கும்.

5. எந்தத் தண்ணீரில் மழிக்கிறீர்கள்?

மதுரைக்காரர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. வெள்ளைப் பொருக்காகத் திரியும். நுரையில்லாமல் பிளேடு நேராகத் தோலில் உரசும். கன்னம் எரிகிறது, கழுத்தெல்லாம் சிவப்புப் புள்ளி என்று ரேசரை மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள் முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். கார்ப்பரேஷன் நல்ல தண்ணீரோ குடிக்கிற கேன் தண்ணீரோ ஒரு சொம்பு எடுத்துக் கொஞ்சம் சூடு பண்ணினால் ஒரு சவரத்துக்குப் போதும். கழுவுவதற்கும் அதில் பாதியை வையுங்கள்.

6. வீட்டுச் சவரம்: கை எப்படிப் போக வேண்டும்

முதலில் முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று பாருங்கள். மூன்று நாள் முடியில் விரலை ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது முடிப்போக்கு, சொரசொரத்தால் எதிர்ப்போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் அப்படி நம்ப முடியாது: ஒரு பக்கம் மேல்நோக்கியும் மறுபக்கம் காதைப் பார்த்தும் வளரும், சில சமயம் சுழியாகவும் இருக்கும். கழுத்தில் மட்டும் புள்ளி வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே எதிர்ப்போக்கில் இழுத்திருப்பார்கள்.

குளித்து முடித்த கையோடு மழிப்பது நல்லது. குளிக்கவில்லையென்றால் வெந்நீரில் நனைத்த துண்டை 2 நிமிடம் முகத்தில் வையுங்கள். கடலையளவு கிரீமை எடுத்து ஈரப் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து நுரைக்கவிட்டு, ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். முடி ஊறுவது இந்த நிமிடத்தில்தான். பிறகு இடக்கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, முடிப்போக்கில் விரல்கடை நீளத்துக்குச் சின்னச் சின்னதாக இழுங்கள். ரேசரை அழுத்தாதீர்கள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை அலசுங்கள். மேலுதட்டுக்கு உதட்டைப் பல்லின்மேல் மடித்துக்கொள்ளுங்கள். மூக்கடியிலிருந்து கீழ்நோக்கி இழுங்கள். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் மறுபடி நுரை போட்டுப் பக்கவாட்டில் ஒருமுறை. எதிர்ப்போக்கு முதல் ஆறு மாதத்துக்கு வேண்டவே வேண்டாம்.

கடைசியில் குளிர்ந்த நீர். படிகாரத்தை நனைத்து ஒருமுறை தடவி, ஒரு நிமிடம் கழித்துக் கழுவி, மாய்ஸ்சரைசர். பிளேடை 5, 6 சவரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஈரக் குளியலறையில் விடாமல் உதறிக் காயவையுங்கள். யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம், ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பருக்கும் கூடாது.

7. முதல் சலூன்

பலருக்கு ஊசியைவிடப் பயம் தருவது இந்த நாற்காலி. குரலைக் கேட்டு ஏதாவது கேட்பாரோ, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்ப்பாரோ என்று இருக்கும். சொந்தத் தெருவில் தொடங்காதீர்கள். பெரியார் பேருந்து நிலையம், மாட்டுத்தாவணி பக்கம் வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் சலூன்களில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. செவ்வாய்க்கிழமை பல கடைகள் அடைத்திருக்கும். ஞாயிறு காலை கூட்டம் நெரியும். புதன், வியாழன் பகல் பதினொரு மணிக்கு மேல் போனால் கடை காலியாக இருக்கும். முதல் தடவை முடிவெட்ட மட்டும் போங்கள். இரண்டாம் தடவை ஷேவிங் சொல்லுங்கள். முகம் பழகிய கடையில் பேச்சும் சுலபமாக வரும்.

சொல்ல வேண்டியவை குறைவு. “புது பிளேடு போடுங்கண்ணே” என்று உட்கார்ந்ததும் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால் உறை பிரிக்க வேண்டும். ஒருவருக்குப் போட்ட பிளேடில் மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களும் எச்ஐவியும் பரவ வழியுண்டு. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் கேட்பதுதான். அடுத்து, “ஒரு தடவை போதும்ணே, எதிர் சவரம் வேண்டாம், பரு இருக்கு.” கிருதாவை எங்கே நிறுத்துவது என்று கேட்பார். நடுக்காது அளவு என்று சொல்லுங்கள். அதற்குக் கீழே உங்களுக்கு இன்னும் அடர்த்தி வந்திருக்காது. முகத்துக்கு பிளீச், ஃபேஷியல், மசாஜ் என்று கேட்டால் வேண்டாம் என்றுவிடுங்கள். பிளீச் பூனைமுடியை வெளுக்கும், நமக்கு வேண்டியது அதற்கு நேரெதிர்.

சாதாரணக் கடையில் ஷேவிங் 100 ரூபாய்க்குள் இருக்கும். ஏசிக் கடையில் அதைத் தாண்டும். உட்காருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பருவும் படர்தாமரையும்

டெஸ்டோஸ்டிரோன் தொடங்கிய முதல் மாதங்களிலேயே எண்ணெய்ப்பசையும் பருவும் வரும்; ஒன்றிரண்டு வருடத்தில் தணியும். கத்திரி வெயிலில் வியர்வையோடு சேர்ந்து இன்னும் மோசமாகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ், பரு உள்ள இடத்தில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்ஸைடு, கேட்கவில்லையென்றால் தோல் மருத்துவர் சொல்லி இரவில் அடாபலீன் என்ற பூச்சு மருந்து. பென்சாயில் பெராக்ஸைடு தலையணை உறையையும் கருப்புச் சட்டைக் காலரையும் வெளுத்துவிடும், கவனம். கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையைத் தோழர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள். கருவுக்குக் கடும் பாதிப்பு தரும் மருந்து அது. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கூட்டு கிரீமின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை ஸ்டிராய்டு. நாலு நாளில் முகம் தெளியும், பிறகு தோல் மெலிந்து பரு இரண்டு மடங்காகத் திரும்பும். தாடிக்குள் வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். ஸ்டிராய்டு போட்டால் அது பரவும். கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டுங்கள். புறநோயாளிச் சீட்டுக்குப் பணம் இல்லை, காலையிலேயே போய்விட வேண்டும்.

9. மினாக்ஸிடில்: யாருக்கு, எப்படி, எந்தப் பெட்டி

தலைமுடிக்காக வந்த மருந்து இது. தாடிக்குப் பூசுவது மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் சொல்வது. ஊசி தொடங்கி ஒரு வருடமாவது ஆகி, பூனைமுடி நிறைய இருந்தும் தடிக்காமல் நிற்கிறது என்றால் பலன் இருக்கலாம். இருதயக் கோளாறோ ரத்த அழுத்தச் சிக்கலோ உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது.

பெட்டியைப் படித்து வாங்குங்கள். பெயருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் ஃபினாஸ்டிரைடு கலந்தது. டெஸ்டோஸ்டிரோன் டிஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுவதை அது தடுக்கும். நீங்கள் காத்திருக்கும் தாடிக்குத் தேவையானதே அந்த மாற்றம்தான். தலை வழுக்கைக்கு ஃபினாஸ்டிரைடு மாத்திரை கேட்கிறவர்களும் இதை யோசியுங்கள்: தாடி ஓரளவு நிறைந்த பிறகு தொடங்குவதே நல்லது.

5 சதவீத மினாக்ஸிடில் மட்டும் உள்ள 60 மில்லி புட்டி 500 முதல் 900 ரூபாய் வரை. காய்ந்த சுத்தமான முகத்தில் இரவு ஒரு மில்லி போதும். ஒரு புட்டி இரண்டு மாதம் வரும். படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே பூசிக் கையைக் கழுவிவிடுங்கள். காயும்வரை அடுப்பு, விளக்கு, சிகரெட் பக்கம் போகாதீர்கள், அதில் ஆல்கஹால் இருக்கிறது. பூனை வளர்ப்பவர்கள் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும்: பூனை முகத்தை நக்கினாலும் தலையணையை நக்கினாலும் உயிரே போகலாம்.

முதல் இரண்டு மாதத்தில் இருக்கிற முடியும் கொஞ்சம் உதிரும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். தோல் உரிந்து அரித்தால் திரவத்துக்குப் பதில் நுரை வகை வாங்குங்கள். எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணமான புரோப்பிலீன் கிளைக்கால் அதில் இல்லை. நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கை கால் வீக்கம் வந்தால் அன்றே நிறுத்துங்கள். நாலு மாதத்துக்கு முன் பலன் தேடாதீர்கள்.

விளக்கெண்ணெய் இருக்கிற முடியைப் பளபளப்பாக்கும், புது முடி வரவைக்காது. சின்ன வெங்காயச் சாறும் பூண்டும் முகத்தில் தேய்த்துத் தோல் வெந்துபோனவர்கள் உண்டு.

10. இருப்பதை அடர்த்தியாகக் காட்டுவது

வளர்க்கலாம் என்று முடிவெடுத்தால் 4 வாரம் தொடாமல் விட்டுப் பாருங்கள். பிறகு டிரிம்மரை 3 மில்லிமீட்டரில் வைத்து எல்லாவற்றையும் ஒரே அளவாக்குங்கள். அடர்த்தியான இடத்தை நீளமாக விட்டால் மெலிந்த இடம் இன்னும் மெலிந்து தெரியும். கழுத்துக்கோடு எங்கே என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். குரல்வளை மேட்டிலிருந்து இரண்டு விரல் என்ற கணக்கு நம்மில் பலருக்கு ஒத்துவராது, மேடு தெரிவதில்லை. தலையைக் குனிந்தால் தாடையும் கழுத்தும் மடியும் இடம் கிடைக்கும். அங்கிருந்து ஒரு விரல் மேலே, காது முதல் காது வரை வளைவாகக் கோடு. தாடையெலும்பின் மேலேயே கோடு போட்டால் முகம் உருண்டையாகத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத பூனைமுடிக்குச் சாயம் போட்டால் ஒரே நாளில் வித்தியாசம் தெரியும். கருப்பு வேண்டாம், அடர்பழுப்பு. தாடிச் சாயங்கள் பலவற்றில் பாரா ஃபினைலீன் டயமின் இருக்கிறது. அது ஒவ்வாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். மெல்லிய முடி என்பதால் 3 முதல் 5 நிமிடம் போதும். பெட்டியில் போட்ட நேரம் வரை விட்டால் தோலில் கறை நிற்கும். மழித்த அன்றைக்குச் சாயம் கூடாது.

ஊசி தொடங்காதவர்களுக்கும் தொடங்க முடியாதவர்களுக்கும் ஐப்ரோ பென்சில் இருக்கிறது. கோடாக இழுக்காமல் கிருதா ஓரத்திலும் மீசை ஓரத்திலும் புள்ளி புள்ளியாக வைத்து விரலால் ஒற்றுங்கள். வாட்டர்ப்ரூஃப் என்று போட்டதை வாங்குங்கள், சித்திரை வியர்வைக்கு மற்றவை வழிந்துவிடும்.

11. முகமும் அடையாள அட்டைப் படமும்

தாடி வந்ததும் எல்லா அட்டையிலும் படம் மாற்ற ஓடாதீர்கள். இரண்டாம் வருடம் வரை முகம் மாறிக்கொண்டே இருக்கும். ஆதாரில் படத்தை இணையத்தில் மாற்ற முடியாது; மையத்துக்கு நேரில் போக வேண்டும், 125 ரூபாய். பாஸ்போர்ட்டுக்கு மறுவெளியீடு விண்ணப்பிக்க வேண்டும், 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய். மதுரையிலேயே சேவை மையம் இருக்கிறது. ஆதாரை முதலில் மாற்றுங்கள்; வங்கியும் மற்றவையும் அதைப் பார்த்துத்தான் மாற்றுவார்கள்.

டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வு எழுதுகிறவர்கள் விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கும் அன்று மழித்துக்கொள்ளுங்கள். தேர்வு நாளிலும் மழித்த முகத்தோடே போங்கள். இடையில் ஆறு மாதத்தில் தாடி எப்படி ஆகும் என்று சொல்ல முடியாது, மழித்த முகம் அவ்வளவு மாறாது. பழைய படமுள்ள அட்டையோடு போக வேண்டியிருந்தால் மருத்துவர் கடிதத்தின் நகல் இரண்டை உடன் வையுங்கள், ஒன்றை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும். வாசலில் வரிசையில் நிற்கும்போது கேட்பதற்கு முன் நீங்களாக எடுத்து நீட்ட வேண்டாம். கேட்டால் மட்டும், தனியாக நின்று பேசலாமா என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். சோதனைக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.